என் தம்பி நின்ற இடம்

லெப்பைக்குடிக்காட்டில் என்னை வாய்க்காரி என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பேச வேண்டிய நேரத்தில் ஊமையாக நிற்பதற்கு இது மேல் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. இந்த வாயால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு தடவை கெடுத்திருக்கிறேன். முதல் தடவை கண்டிப்பில் கெடுத்தேன். இரண்டாவது தடவை இரக்கப்பட்டுக் கெடுத்தேன். அவள் பெயர் ரஷீதா. என் தம்பி ஹுமாயூனின் மனைவி.

ரஷீதா அரியலூர்க்காரி. அவளைப் பெற்ற அத்தா கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ப் பன்னிரண்டாவது முடித்தவள். டைப்ரைட்டிங்கும் படித்திருந்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளைத் தூசி படிந்திருக்குமாம். 1996-இல் பெண் பார்க்கப் போனபோது வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது. யார் ஓட்டுவது என்று கேட்டேன். பெண்தான் என்றார்கள். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஹுமாயூனுக்கோ அதனால்தான் அவளைப் பிடித்துப்போயிற்று. என்னை விடப் பத்து வயது சின்னவன் அவன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் ஆசைப்பட்ட பிறகு நான் என்ன சொல்வது?

கல்யாணம் முடிந்து நாற்பத்தைந்தாம் நாள் துபாய்க்குத் திரும்பிப் போனான். அங்கே ஒரு மளிகை மொத்தக் கடையில் அவனுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். என் புருஷனும் குவைத்தில்தான் இருந்தார், அதனால் நான் பிள்ளைகளோடு அத்தா வீட்டிலேயே இருந்தேன். பளிங்குத் தரை போட்ட வீடுகளில் நாங்கள் பெண்கள் மட்டும் நடமாடுவோம். ஆம்பளை என்றால் கிழவர், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை. ரஷீதா சைக்கிளை அரியலூரிலேயே விட்டுவிட்டு வந்தாள். எங்கள் தெருவை விட்டு அவள் வெளியே போவது என்றால் ஒன்று டாக்டரிடம், இல்லை கல்யாண வீட்டுக்கு. அதுவும் என்னோடு.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் துபாய்க் கடிதம் என்றால் அது எல்லோருக்கும் சொந்தம். தபால்காரர் கொடுத்ததும் அத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் சத்தமாகப் படிப்பார். டேப் கேசட்டில் பேசி அனுப்பினாலும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவன் கூப்பிடுவான். அத்தா, அம்மா, நான் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் ரிசீவர் ரஷீதா கைக்குப் போகும். நாங்கள் நகர மாட்டோம். அவள் "ம்", "சரி", "நல்லாருக்கேன்" என்று மூன்று வார்த்தை பேசி வைத்துவிடுவாள். வெட்கம் என்று நான் சிரிப்பேன். புருஷனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஓர் இடமே கிடையாது என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

2000-இல் லீவுக்கு வந்தபோது ஹுமாயூன் ஒரு வீடியோ கேம் கொண்டு வந்தான். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. சின்ன கலர் திரை, நாலைந்து பொத்தான், பின்னால் பென்சில் பேட்டரி. தீப்பெட்டி அளவு கேசட் ஒன்றை மேலே சொருக வேண்டும். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஏதோ சீன எழுத்து, கூடவே வாயைத் திறந்த ஒரு ஜந்து படம். ஜந்து விளையாட்டு என்று நாங்களாகப் பெயர் வைத்தோம். பெட்டி இரண்டு வாங்கியிருந்தான், ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. கேசட் மட்டும் ஒன்றே ஒன்று. கஞ்சப்பயல் என்று திட்டினேன். குழந்தை பிறக்காத வீட்டில் பொம்மை வாங்கிக் கொடுக்கிறான் என்று அம்மாவிடம் முணுமுணுக்கவும் செய்தேன். ரஷீதா காதில் அது விழுந்திருக்கும்.

அவன் போன பிறகு பகல் சோறு முடிந்ததும் அவள் ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் என்னதான் அதில் இருக்கிறது என்று கேட்டேன். அவள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அதில் ஒரு சின்ன ஆள். அவனுக்கு ஒரு வீடு. கதவைத் திறந்து வெளியே வந்தால் அவ்வளவுதான், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்ல ஆள் கிடையாது. வயல், காடு, மலை, துறைமுகம், கடலுக்கு நடுவில் தீவு. புல்லுக்குள் நடந்தால் ஜந்துகள் எதிரே வரும். பிடித்து, தீனி போட்டு, பெயர் வைத்து வளர்க்க வேண்டும். மழை பெய்தால் வருகிற ஜந்து வேறு, வெயிலில் வருவது வேறு. வெளியே மணி மூன்று என்றால் அதற்குள்ளேயும் மணி மூன்று. இருநூறு வகை இருக்கிறதாம், அவள் அறுபது பிடித்திருந்தாள். "எங்க போறேன்னு கேக்க ஆளே இல்ல லாத்தா" என்றாள். புருஷனின் அக்கா என்பதால் அவனைப் போலவே அவளும் என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னை யார் கட்டிப்போட்டார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

குறையும் அவளே சொல்வாள். மலைப் பக்கம் பார்க்கத்தான் பெரிது, உள்ளே போனால் ஒரே குகையைப் பத்து முறை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஜந்து ஒன்று அதிர்ஷ்டத்தில் முதலிலேயே சிக்கிவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். ஊரில் நிற்கிற மனிதர்கள் எத்தனை முறை கேட்டாலும் அதே இரண்டு வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டு போனைப் போல. எங்கே விட்டோம் என்பதை அது ஒரே ஓர் இடத்தில்தான் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கை பட்டால் பழையது போய்விடும்.

ஆனால் அந்தக் கடைசிக் குறையைத்தான் அவர்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஊரிலிருந்து யாராவது துபாய்க்குப் போனால் ரஷீதா ஊறுகாய் பாட்டில், வத்தல், கருவாட்டோடு துணிப்பையில் தைத்து அந்தக் கேசட்டையும் கொடுத்து அனுப்புவாள். ஹுமாயூன் தன் பெட்டியில் சொருகுவான். அவள் விட்ட இடத்திலிருந்து அந்தச் சின்ன ஆளை நடத்துவான். யாராவது லீவில் ஊருக்கு வந்தால் கேசட் திரும்பி வரும். அவன் விட்ட இடத்திலிருந்து இவள் நடத்துவாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தப் போக்குவரத்து. ஜந்துக்கு வைக்கும் பெயர் ஏழு இங்கிலீஷ் எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதில் காய்ச்சல், சம்பளம், கோபம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஏழு எழுத்தில் அடங்காததற்கு ஆளை நிறுத்துகிற இடமே பேச்சாயிற்று. மலை உச்சியில் நிறுத்தினால் மனசு சரியில்லை. கடைத்தெரு என்றால் பார்சல் வருகிறது. நாலு வருஷம் என் கண் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லாக் கடிதத்தையும் காது கொடுத்துக் கேட்ட எனக்கு அது மட்டும் தெரியவில்லை.

2004 ஜனவரியில் போன கேசட்டில் ரஷீதா ஒரு குருவிக்கு VAANGA என்று பெயர் வைத்து அனுப்பினாள். வாங்க. லீவுக்கு இல்லை, விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுங்கள் என்று அர்த்தம். கல்யாணமாகி எட்டு வருஷம், சேர்ந்திருந்தது ஒன்பது மாதம்கூட இல்லை. மடியில் பிள்ளை இல்லை. போனில் கேட்டால் அத்தா காதில் விழும், அம்மா அழுவாள், நான் சண்டைக்குப் போவேன். வீடு கட்டுகிற வேலை பாதியில் நின்றிருந்தது, என் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் அவன் தலையில்தான். பதிலை எப்படிச் சொல்வது என்பதும் அவர்களுக்குள் முன்பே முடிவானதுதான். வருவதாக இருந்தால் ஆளை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். முடியாது என்றால் துறைமுகத்தில்.

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி ஹுமாயூன் மவுத்தாகிவிட்டான். கடைக்கும் அந்த ரோட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எதற்காக வேலை நேரத்தில் அவ்வளவு தூரம் போனான் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ரஷீதா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் கூடாது, விசேஷம் கூடாது. உள் அறையைக் கொடுத்து, கதவுக்குத் திரை போட்டு, எல்லாவற்றையும் நான்தான் நடத்தினேன். அவள் அழவில்லை. அழுதால் தேவலை என்று அம்மா சொன்னாள். அவளோ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இருபது நாள் கழித்து, ஹுமாயூனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அன்சார் அவன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தான். கூடத்தில் உட்கார்ந்து நான்தான் பிரித்தேன். நாலு சட்டை, ஒரு கைலி, சென்ட் பாட்டில், பாஸ்போர்ட். அடியில் துண்டில் சுற்றிய அந்த வீடியோ கேம். கேசட் அதிலேயே சொருகியிருந்தது. அவன் கை பட்ட பொருளாயிற்றே என்று என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பொத்தானைத் தள்ளினேன். டிங் டிங்கென்று பாட்டுப் போட ஆரம்பித்தது. மவுத்து விழுந்த வீட்டில், அடுத்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது. பதறிப்போய் சத்தம் வெளியே வராமல் முந்தானையைப் போட்டு அமுக்கினேன். நிறுத்துவதற்காகக் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். முந்தானையை லேசாகத் தூக்கி உள்ளே பார்த்தபோது திரையில் கட்டைவிரல் நகம் அளவு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி போடாத கண்ணுக்கு அவனைச் சுற்றி ஏதோ பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தது. அவ்வளவுதான். பக்கத்துப் பொத்தானைத் தள்ளி அணைத்து, பேட்டரியைக் கழற்றிப்போட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ரஷீதாவின் குரல் வந்தது. இருபது நாளில் அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

"லாத்தா, அத எங்கிட்ட ஒரு தடவ குடுங்க. பாத்துட்டு உடனே குடுத்துடறேன்."

"இத்தாவுல இருக்கிறவ கையில பாட்டுப் பொட்டியா? வெளையாடுற நேரமா இது? ஊரு காறித் துப்பும்" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. நான் அதை என் அறை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அந்தப் பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நிற்பது. கத்திரி வெயிலில் சாயங்காலம் தொட்டால் கை சுடும். இத்தா முடிந்ததும் கொடுத்துவிடப் போகிறோம், நாலு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். பத்திரமாக வைத்திருப்பதாகப் பெருமை வேறு.

ஆகஸ்ட் கடைசியில் இத்தா முடிந்தது. குளித்து, வெள்ளைப் புடவையை மாற்றி, அம்மா கையால் கஞ்சி குடித்துவிட்டு அவள் கேட்ட முதல் பொருள் அதுதான். புது பேட்டரி வாங்கி வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிஸ்மி சொல்லிப் பொத்தானைத் தள்ளினாள். பாட்டு வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அணைத்தாள், மறுபடி போட்டாள். கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் சொருகினாள். பத்துப் பதினைந்து தடவை இப்படி. பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஏதோ ஒரே வரி இங்கிலீஷில் இருந்தது. "புதுசா ஆரம்பிக்கவான்னு கேக்குது லாத்தா" என்றாள். பழையது எதுவும் அதில் இல்லை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாமிதுரை என்று ஒருவர் டிவி, டேப் ரிப்பேர் பார்ப்பவர். கேசட்டைத் திருகு கழற்றிப் பிரித்து உள்ளே இருந்த வட்டப் பேட்டரி ஒன்றைக் காட்டினார். சட்டைப் பொத்தான் பெரிசு. அந்தக் கேசட்டில் உயிர் என்றால் அதுதானாம். அது இருக்கிற வரைக்கும்தான் எங்கே விட்டோம் என்பது ஞாபகம் இருக்கும், தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். திருட்டுக் கேசட், மட்டமான பேட்டரி, சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்றார். இருநூறு ஜந்து வரையத் தெரிந்தவனுக்கு, மலையும் கடலும் போடத் தெரிந்தவனுக்கு, மனுஷன் நின்ற இடத்தைக் காப்பாற்றி வைக்கிற பேட்டரி ஒன்று ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. அவன் நாசமாய்ப் போக என்று அந்தக் கடையிலேயே திட்டினேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் கொண்டு வந்திருந்தால் புதுப் பேட்டரி மாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். சாமிதுரை உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்துனாலும் அழிஞ்சுதான் போயிருக்கும்மா. ஆனா அப்ப போட்டுப் பாத்திருக்கலாம்."

புதுசு போட்டுத் தரவா என்று அவர் கேட்டதற்கு ரஷீதா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு வருஷப் பேச்சு, குருவியின் பெயர், வாசல், துறைமுகம் எல்லாம். ஜன்னலுக்கு வெளியே சோளக்கொல்லையைப் பார்த்தபடி, யாரோ ஒருத்தியின் கதை மாதிரி சொன்னாள். அட்டைப்பெட்டி பிரித்த அன்று கதவோரம் வந்து நின்று கேட்டாளாம். ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு பாட்டு உண்டாம். தொடக்கப் பாட்டு முடிந்து அந்த இடத்துப் பாட்டு வருவதற்குள் சத்தம் அமுங்கிவிட்டதாம். என் முந்தானை. எனக்கு அந்த பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

"நீங்க பாத்தீங்கள்ல லாத்தா. எங்க நின்னாரு?"

நான் பார்த்தேன். உலகத்தில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியாது. பச்சையா, நீலமா, கதவா, தண்ணீரா, எதுவும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏற்கெனவே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டவள், இதையாவது கொடுக்கலாம் என்று தோன்றிற்று.

"வூட்டு வாசல்லதான் நின்னான். கதவப் பாத்த மாதிரி நின்னான்" என்றேன்.

"நெசமாவா?"

"என் கண்ணால பாத்தேன்."

ரஷீதா என் தோளில் சாய்ந்து அழுதாள். நாலு மாதமாக அழாதவள் குன்னம் வரைக்கும் அழுதாள். நல்லது செய்துவிட்டோம் என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இத்தாவில் இருக்கிறவள் புருஷனின் சாமானை, அவன் அனுப்பிய கடிதத்தைத் தொட்டுப் பார்க்கக் கூடாதா என்று பட்டும் படாமல் கேட்டேன். புருஷன் அனுப்பிய கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எந்தக் கிதாபில் போட்டிருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். மார்க்கத்தில் இல்லாத சட்டத்தை நானே போட்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் ரஷீதா நன்றாக இருந்தாள். சாப்பிட்டாள், தொழுதாள், அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். அப்புறம் ஒரு நாள் நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அவரு அந்த ரோட்டுக்கு எதுக்குப் போனாருன்னு தெரிஞ்சுபோச்சு லாத்தா. அன்சார் காக்காகிட்ட போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் விசா பேப்பர் டைப் அடிக்கிற ஆபீஸ் இருக்காம். கேன்சல் பண்ணத்தான் போயிருக்காரு. நான் வாங்கன்னு கூப்பிடலன்னா அன்னிக்கு கடையிலதான இருந்திருப்பாரு?"

அந்த ரோட்டில் டைப் அடிக்கிற ஆபீஸ் மட்டுமா இருந்திருக்கும்? பேங்க் இருக்கும், டீக்கடை இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். ஆனால் வாசலில் நின்றவன் வேறு எதற்குப் போவான்? நான் அவனை வாசலில் நிறுத்திவிட்டேன். அவன் சாவைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

அங்கேயே, அந்த நிமிஷமே உண்மையைச் சொன்னேன். பொய் சொன்னேன் ரஷீதா, நான் ஒன்றும் பார்க்கவில்லை, கண்ணாடி போடவில்லை, எங்கே நின்றான் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தாள், நான்தான் சின்னப் பிள்ளை போல. "நான் அழுவேன்னு பயந்து மாத்திச் சொல்றீங்க" என்றாள். எவ்வளவு மன்றாடியும் நம்பவில்லை. பஸ்ஸில் என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னவள் நான்தானே.

அந்த வருஷக் கடைசியில் அவள் அத்தா வந்து அரியலூருக்குக் கூட்டிப்போய்விட்டார். செத்த கேசட்டையும் பெட்டியையும் அவள் எடுத்துப் போகவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்து நாலு வயதில் நான் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். வாசலையும் துறைமுகத்தையும் இரண்டு கண்ணால் பார்த்துவிட்டால், அன்றைக்குப் பார்த்தது எது என்று ஞாபகம் வந்துவிடும் என்று நம்பினேன். துறைமுகம் என்று உறுதியாகத் தெரிந்தால் போதும், அரியலூருக்கு ஓடிப்போய் அடையாளம் சொல்லி அவளை நம்பவைத்துவிடலாம். தொடங்குவதே வீட்டில்தான். கதவைத் திறந்து வெளியே வந்து நின்று கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பார்த்தேன். வாசலில் ஒரு மரம், ஒரு குட்டை. துறைமுகம் வெகு தூரம். கேசட்டுக்கு ஞாபகம் கிடையாது என்பதால் உட்கார்ந்த உட்காரில் போய்ச் சேர வேண்டும். அணைத்தால் மறுபடி வாசலிலிருந்துதான். வழியில் ஜந்துகள் அடித்துப்போட்டுவிடும், பேட்டரி தீர்ந்துவிடும், எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து கூப்பிடுவார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று எனக்கு.

அவள் சொன்ன குறையெல்லாம் இருந்தது. அதில் வருகிற கடைக்காரன் என்னிடமும் அதே இரண்டு வாக்கியம்தான் சொன்னான். ஆனால் ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காட்டைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறினேன். கீழே எந்தப் பக்கமும் வழி திறந்து கிடந்தது. யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நாலு வருஷம் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து எதைத் தேடினாள் என்று அன்றைக்குப் புரிந்தது. முதுகில் விளக்கு எரிகிற ஆமை போல ஒன்று புல்லிலிருந்து வந்தது, பிடித்துவிட்டேன். பெயர் கேட்டது. HUMAYUN என்று போட்டேன். ஏழு எழுத்து, சரியாக இருந்தது. அந்த ஜந்துகள் அடிபட்டு மயங்கி விழும், ஒரு பழம் கொடுத்தால் எழுந்துவிடும். அதில் யாரும் சாவதே இல்லை. அந்த விளையாட்டில் எனக்கு ஆகவே ஆகாத குறை அதுதான்.

அந்த ஆமையோடுதான் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கரையில் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன். நீலத் தண்ணீர், ஓரத்தில் பச்சை. வாசலிலும் பச்சை மரம், நீலக் குட்டை. இரண்டும் நான் பார்த்த மாதிரியே இருந்தன. இரண்டும் நான் பார்க்காத மாதிரியும் இருந்தன. திரை மங்கிக்கொண்டே வந்து பேட்டரி தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் அதைப் போடவில்லை.

இந்த வருஷம், 2007 ஜூலையில், அரியலூர் போனேன். ரஷீதா அத்தாவின் மிஷினில் உட்கார்ந்து யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கன்னம் ஒட்டிக் கிடந்தது. மறுகல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தும் மறுத்துவிட்டாள் என்று அவள் அம்மா என்னிடம் புலம்பினார். நான் வாங்கிப்போன இனிப்பை எடுத்து நீட்டினேன். நோன்பு என்றாள். ரமலானுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறதே, இது என்ன நோன்பு என்று கேட்டேன்.

"தெரியாம ஒரு உசுரு போகக் காரணமா இருந்தா, ரெண்டு மாசம் விடாம நோன்பு புடிக்கணுமாம்ல லாத்தா" என்றாள். வருஷா வருஷம் பிடிக்கிறாளாம். இது மூன்றாவது தடவை. ஹஜ்ரத் ஒருவர் இது உனக்குக் கிடையாதம்மா என்று சொல்லிப் பார்த்தாராம். அவருக்கு நடந்தது தெரியாது என்று சொன்னாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "அல்லா மேல சத்தியமா சொல்றேன். அவன் எங்க நின்னான்னு எனக்குத் தெரியாது. வாசல்னு சொன்னது நான் கட்டுனது. நீ அவனக் கொல்லல."

அவள் பதறி எழுந்து என் கையை விடுவித்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. என்மேல் அவ்வளவு பிரியம் இருந்தது, எனக்குத் தாங்கவில்லை.

"எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க லாத்தா. நாளைக்கு மறுமையில அதுக்கும் நான்ல பதில் சொல்லணும்."

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தொழுகைப் பாயை விரித்தாள். இன்றைக்கு எத்தனாவது நோன்பு என்று கேட்டேன். இருபத்தி மூன்று என்றாள்.